சால்னாவும் சோம்புத் தண்ணீரும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருட்டுகிற நேரத்தில் பேருந்தில் போனால், வழியில் எங்கெங்கே பரோட்டாக் கடை இருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். தட்டுகிற கரண்டிச் சத்தம் பிறகுதான். முதலில் வருவது எண்ணெயில் பொரிந்த சோம்பின் வாசனை. சோம்பு இல்லாத சால்னாவை எங்கள் பக்கத்தில் குழம்புக் கணக்கில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது அதே சோம்புக்குக் காலையிலும் வேலை வந்துவிட்டது. இரவு ஊறவைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். ஏன் என்று கேட்டால், “ஆன்டிஆக்ஸிடன்ட் சார், உடம்பைச் சுத்தம் பண்ணும்” என்கிறார் நடைப்பயிற்சி நண்பர்.

ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பது பொய்யில்லை. குளோரோஜெனிக் அமிலம், குவெர்செடின் வகைகள் எல்லாம் சோம்பில் உண்டு. அதை அளக்கும் விதத்தைப் பார்த்தால்தான் சங்கதி புரியும். டிபிபிஎச் என்று ஒரு ரசாயனம். கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம். அதில் சோம்புச் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதுதான் மதிப்பெண். சோதனைக் குழாயில் சோம்பு நன்றாகவே தேறுகிறது. ஆனால் நம் ரத்தம் சோதனைக் குழாய் இல்லையே. குடல் உறிஞ்சுவது கொஞ்சம். அதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். குழாயில் வெளுத்த ஊதாவை வைத்து உடம்பு சுத்தமாகிவிட்டது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

சோம்பின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வயிற்றில்தான். அதன் எடையில் 2 முதல் 6 சதவீதம் வரை ஆவியாகும் எண்ணெய். அதில் பெரும்பங்கு அனெத்தோல். வாசனையும் இனிப்பும் இதன் உபயம். சர்க்கரையைவிட 13 மடங்கு இனிப்பாம். (பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.) இந்த எண்ணெய் குடல் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தி, வாயுவை வெளியேற்ற உதவுகிறது. அனெத்தோல் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். முழுச் சோம்பை ஊறவைத்துக் குடிப்பவருக்குக் கிடைப்பதைவிட, எண்ணெயில் பொரித்துச் சால்னா வைக்கும் மாஸ்டர் அதிகம் கறந்துவிடுகிறார். கல்லாப்பெட்டி ஓரத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மென்றபடி இறங்குபவரோ எதையும் வீணாக்குவதில்லை. என் ஓட்டு அவருக்குத்தான்.

கஷாயமாகத்தான் வேண்டும் என்றால், ஐரோப்பிய மருந்து முகமை ஓர் அளவு சொல்கிறது. ஒன்றரை முதல் இரண்டரை கிராம் சோம்பு, அப்போதே நசுக்கியது, கால் லிட்டர் கொதிநீர், பதினைந்து நிமிடம். மூடி வைப்பது முக்கியம், இல்லாவிட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும். பெரியவர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்கிறார்கள். வருடக்கணக்கில் குடிப்பவர்கள் கவனிக்கவும்.

கைக்குழந்தை விஷயத்தில் பாட்டிமார்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுவலியால் அழும் 125 குழந்தைகளில் சோம்பு எண்ணெய்ப் பால்மம் கொடுக்கப்பட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு வலி அடங்கியது. ஒப்பீட்டுக்காகப் போலி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அது அளந்து தயாரித்த மருந்து. சங்கில் புகட்டும் கஷாயம் அல்ல. சோம்பில் எஸ்ட்ரகோல் என்றொரு பொருளும் சிறிதளவு உண்டு. அதிக அளவில் கொடுத்தபோது எலிகளுக்குக் கல்லீரலில் கட்டி வந்திருக்கிறது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சோம்புத் தேநீர் வேண்டாம் என்றே அந்த முகமை சொல்கிறது. கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. குழம்பில் போடுகிற அளவுக்கு யாரும் பயப்பட வேண்டாம்.

சோம்பு நம் மண்ணில் விளைவது அரிது. குஜராத், ராஜஸ்தான் பனிக்கால வயல்களிலிருந்து, பெரும்பாலும் உஞ்சா மார்க்கெட் வழியாக வருகிறது. “நல்லாப் பச்சையா குடுங்க அண்ணாச்சி” என்று கேட்பவர்களுக்காகவே சாயம் ஏற்றுகிறவர்களும் உண்டு. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் பளிச்சென்று பச்சையானால், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.