சமருக்குப் பாப்பம்

கார்த்திகை பிறந்தால் ரொறன்ரோத் தமிழரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சமருக்குப் பாப்பம்." வீட்டுப் பக்கம் வாங்கோ என்றாலும் அதுதான். முழங்காலுக்கு டொக்டர் சொன்ன நடையைத் தொடங்கியாச்சா என்றாலும் அதுதான். சமர் வரத்தான் செய்யும், ஜூன் மாதக் கடைசியில். அதுவரை வாழ்க்கை வீட்டுக்கும் காருக்கும் வேலைக்கும் கலியாண மண்டபத்துக்கும் இடையில் ஓடும். வருடத்தில் ஐந்து மாதத்தை இப்படி ஒத்திவைத்தால், இங்கே 40 வருடம் இருந்தவர் ஏறக்குறைய 17 வருடத்தை ஒத்திவைத்திருக்கிறார். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் வந்திறங்கியவர்களில் பலருக்குக் கணக்கு இப்போது அந்த அளவில்தான் நிற்கிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. டிசம்பர் 21 அன்று ரொறன்ரோவில் சூரியன் 7.48க்கு எழுந்து 4.43க்குப் படுத்துவிடும். ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். காலை ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் இருட்டில் வெளிக்கிட்டு, ஜன்னல் இல்லாத வெயார்ஹவுஸில் நின்று, ஓவர்டைமும் செய்து இருட்டில் திரும்புகிறார். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் சூரியனைக் காண்பதில்லை. சனிக்கிழமை மளிகை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, மிருதங்க வகுப்பு. ஞாயிறு யாருக்காவது பிறந்தநாள், அல்லது அந்தியேட்டி. "வெளியே போய் மகிழ்ச்சியாக இருங்கள்" என்று நகரசபை போடும் விளம்பரத்தில் சிரிக்கிற குடும்பத்துக்கு இந்த அட்டவணை இல்லை.

குளிர்கால மனச்சோர்வுக்கு மருத்துவத்தில் பெயர் கொடுத்தவர் நோர்மன் ரோசந்தால். தென்னாபிரிக்காவில் வெயிலில் வளர்ந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தவர். குளிர்காலத்தில் தனக்கே ஏன் கைகால் ஓடவில்லை என்று யோசித்தவர், 1984இல் அது பற்றிய ஆய்வைச் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டார். வெயில் நாட்டிலிருந்து வந்தவரின் கண்ணுக்கு அது பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர் கண்ட மருந்து வெளிச்சம். நம்மவர்கள் இதைக் கேட்டதும் "ஓம், விட்டமின் டி" என்பார்கள். அது வேறு கதை. ரொறன்ரோவின் மார்கழி, தை வெயிலில் தோல் விட்டமின் டி செய்வது ஏறக்குறைய இல்லை, அதிலும் நம் கறுத்த தோலுக்கு இன்னும் கஷ்டம். அதற்குப் பாலும் குளிசையும் இருக்கின்றன. வெளியே போகவேண்டியது கண்ணுக்காக. முகில் மூடிய பகலிலும் வாசலுக்கு வெளியே உள்ள வெளிச்சம், விளக்கெல்லாம் போட்ட வரவேற்பறையைவிடப் பல மடங்கு. உடம்பின் மணிக்கூடு அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைக்கிறது. ஆகவே சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, தினமும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் வேலைத்தலத்தைச் சுற்றி நடப்பது மேல் என்பேன். காலையில் மோலுக்குள் ரவுண்டு வரும் நம் பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. காலுக்கு நல்லது. கண்ணுக்கு அது இன்னொரு வரவேற்பறை.

இந்த இடத்தில் அம்மாக்கள் குறுக்கே வருவார்கள். "பனிக்குள்ள நிக்காத, தடிமன் வரும்." பனி என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. ஊரில் அது புல்நுனியில் நிற்கும் ஈரம், இங்கே சவலால் அள்ளுவது. தடிமனைக் கொண்டுவருவது வைரஸ். அது பரவுவது ஜன்னல் பூட்டிய அறையில், நூறு பேர் கூடிய மண்டபத்தில். குளிரிலும் ஆபத்தான நாள் உண்டு. காற்றோடு சேர்ந்து -28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம், அன்றைக்கு வீட்டில் இருங்கள். அப்படிப்பட்ட நாட்கள் ரொறன்ரோவில் கொஞ்சம்தான். ஜனவரியில் பகலின் உச்ச வெப்பம் சராசரியாகப் பூச்சியத்தை ஒட்டியே நிற்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. ஊரில் வருடத்திலேயே குளிரான மாதத்தில்தான் நாம் எல்லாரையும்விட முந்தி வெளியே போனோம். திருவெம்பாவை பத்து நாளும் விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் வரும். கிணற்றடியில் தலையில் வார்த்துவிட்டு, பல் கிடுகிடுக்கப் பிள்ளைகள் பின்னால் ஓடும். (அந்தக் 'குளிர்' 22, 23 பாகை என்பதை இங்கே பிறந்தவர்களிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.) அன்று யாரும் உடம்புக்கு நல்லதென்று போகவில்லை. போக ஒரு காரியம் இருந்தது, கூடப்போக ஆள் இருந்தது. நமக்கு இங்கே இல்லாமல் போனது அந்த இரண்டும்தான். குளிருக்கான உடுப்பு எப்போதோ வாங்கியாயிற்று.

இன்னொன்றும் இல்லை: நடக்கப் பாதை. 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ற்மன் ஸ்னோவை அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டதைச் சொல்லி நாடே இன்னும் சிரிக்கிறது. 2025 பெப்ரவரியில் சில நாட்களுக்குள் அரை மீற்றருக்கு மேல் கொட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. வீதியில் கார் ஓடியது. நடைபாதையில் தள்ளுவண்டியோடு வந்த தாய்மார் வீதிக்கு இறங்கி நடந்தார்கள். லோறன்ஸ் வீதியில் ஒரு பஸ் தரிப்பில், வீதி வழித்த ஸ்னோ இடுப்பளவு மேடாகக் குவிந்திருந்தது. பஸ்ஸின் கதவு திறந்ததும் ஒரு வயோதிபர் முதலில் கைத்தடியை அந்த மேட்டில் குத்திப் பார்த்தார், பிறகு பின்வாங்கி அடுத்த தரிப்பு வரை உள்ளேயே நின்றார். 2023 ஜூலையில் ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் தடம்புரண்டு ஒரேயடியாக நின்றுபோன பிறகு, எங்கள் பக்கத்துச் சனம் பஸ்ஸுக்காக நிற்கும் நேரம்தான் எங்கள் 'வெளிப்புற நடவடிக்கை'. விழுந்தால் இடுப்பு முறியும் என்று பயப்படுகிற அப்பம்மாவுக்கு உற்சாகப் பேச்சு உதவாது, உப்புப் போட்ட நடைபாதை உதவும்.

2024 ஜனவரியில் நகரசபை 45 சரிவுகளில் பிள்ளைகள் சறுக்கு விளையாடத் தடைப் பலகை நட்டது. மரமும் வேலியும் இருக்கிறதாம். பயந்த நிர்வாகம் பலகையைத்தான் முதலில் தேடும். ஆனால் அதே நகரசபை ஐம்பதுக்கு மேற்பட்ட திறந்தவெளி ஸ்கேற்றிங் பனித்தளங்களை இலவசமாக நடத்துகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். குறை என்னவென்றால் ஸ்காபரோவில் அவற்றை விரல்விட்டு எண்ணலாம். ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கு முன்னால், அல்பேட் கம்பெல் சதுக்கத்தில் ஒன்று இருக்கிறது. போய்ப் பாருங்கள், சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாத தகப்பன்களைப் பிள்ளைகள் கைபிடித்து இழுத்துப்போகும் காட்சிக்காகவாவது. கிழக்கே போனால் றூஜ் தேசிய நகரப் பூங்கா. 2015இல் சட்டப்படி உருவானது, 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் கிடையாது. கோடையில் நம்மவர்கள் கடற்கரையில் கோழி வாட்டும் அதே பூங்கா. மாசியில் அங்கே நான் கண்ட தமிழ் முகங்கள் இரண்டு, அதில் ஒன்று என் மனைவி.

ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அந்த மாதம் முழுக்க நமக்கு மூச்சுவிட நேரமில்லை, அவ்வளவு விழா. எல்லாம் மண்டபத்துக்குள். சூரியனுக்குப் பொங்குவதையே மேடையில் மின்னடுப்பில் வைத்துப் பொங்குகிறோம். ஒரு அமைப்பாவது பூங்காவில் அனுமதி எடுத்துப் பகலில் வெளியே வைத்தால் என்ன என்று கேட்டேன். "ஆக்கள் வராயினம்" என்றார் நிர்வாகசபையில் ஒருவர்.

போன தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டு டிரைவ்வேயில் வைத்தோம். முதலில் சவலால் ஒரு சதுரம் வழித்து, அதில் மாக்கோலம். காஸ் அடுப்பைச் சுற்றிக் காற்றுக்கு மறைப்பாக மட்டைப்பெட்டி. -9. முன்வீட்டு ஜமெய்க்கா மனிதர் கோப்பிக் கோப்பையோடு வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். குளிரில் பால் பொங்க வழக்கத்தைவிட இருபது நிமிடம் கூடப் பிடித்தது. மகள் இரண்டு தரம் உள்ளே போய்க் கையுறை மாற்றிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். கடைசியில் நுரை எழும்பிக் கிழக்குப் பக்கமாக வழிந்து, அடுப்படியில் கிடந்த ஸ்னோவில் ஒரு பள்ளம் விழுந்தது.