முட்டி வலிக்கு ஜெல்லும் நீ கேப்பும் போதுமா? அப்பா, அம்மாவுக்கு பேலன்ஸ் பயிற்சி ஏன் தேவை?

கேளம்பாக்கம், சிறுசேரி, நாவலூர் பக்கம் ஐடி வேலைக்காக வந்து செட்டில் ஆன பலர், இப்போது அப்பா, அம்மாவையும் ஊரிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்திருக்கிறார்கள். அந்த வயதில் முட்டி வலி இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வலிக்கு ஜெல் வாங்கித் தருகிறோம். ஆன்லைனில் நீ கேப் ஆர்டர் போடுகிறோம். ரொம்ப முடியலைன்னா ஆபரேஷன் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் தடுமாறி விழாமல் இருக்க என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?

டாக்டர் சீட்டில் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் என்று எழுதப்படும் மூட்டுத் தேய்மானம், 2019 கணக்குப்படி உலகில் 52.8 கோடி பேருக்கு இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான்: 36.5 கோடி பேர். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள்.

முட்டி தேய்ந்தால் ஏன் தடுமாறுகிறது?

நாம் நிலையாக நிற்க, கண், உள்காது, கால் ஆகிய மூன்றிலிருந்தும் மூளைக்குத் தகவல் போக வேண்டும். முழங்கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்பதை மூட்டு, தசைநார், தசை ஆகியவற்றில் உள்ள உணர்விகள் சொல்கின்றன. தேய்மானம் வந்தால் இந்தத் தகவல் மங்குகிறது. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் முன்தொடைத் தசையும் பலமிழக்கிறது. கால் வழுக்கும் நொடியில் சட்டென அடுத்த அடியை எடுத்து வைக்க அந்தத் தசைதான் தேவை. ராத்திரி லைட் போடாமல் பாத்ரூம் போகும்போது கண்ணின் உதவியும் இல்லை. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலரால் பழையபடி தனியாக நடமாட முடிவதில்லை.

பயிற்சியால் பலன் உண்டா?

உண்டு. வீட்டில் வசிக்கும் முதியவர்களிடம் நடத்தப்பட்ட 108 பரிசோதனைகளை காக்ரேன் அமைப்பு 2019-ல் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்களிடம் விழும் நிகழ்வுகள் சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால், இது பொதுவாக முதியவர்களுக்கான கணக்கு. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு மட்டுமானது இல்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதலும் முட்டித் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பேலன்ஸ் பயிற்சியை மட்டும் நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. அதனால் தசைப் பயிற்சி, நடை, பேலன்ஸ் மூன்றையும் சேர்த்துச் செய்வதே புத்திசாலித்தனம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இப்படிக் கலந்து செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டில் எப்படித் தொடங்கலாம்?

கிச்சன் மேடையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர்கள் தொடங்கட்டும்.

• இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது.
• ஒரு பாதத்தின் விரல் நுனியில் மறு பாதத்தின் குதிகால் படும்படி நேர்கோட்டில் நிற்பது.
• மேடையை ஒட்டியே பக்கவாட்டில் நடப்பது.
• சற்று உயரமான, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது.

பழகப் பழக, இரண்டு கையால் பிடித்ததை ஒரு கை, பிறகு ஒரு விரல் என்று குறைக்கலாம். செய்யும்போது லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சமீபத்தில் விழுந்தவர்கள், எழுந்தால் தலைசுற்றுபவர்கள், முட்டி சூடாகி வீங்கியவர்கள், திடீரென முட்டி மடங்கிவிடுபவர்கள். தூக்க மாத்திரை, பிபி மாத்திரை எடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அரசு என்ன தருகிறது?

செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது பெரிய செய்தியானது. ஆபரேஷனுக்கு முந்தைய கட்டமான பயிற்சி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டமாகத்தான் பலருக்குத் தெரியும். வீட்டிலேயே பிசியோதெரபி சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை கிண்டியில் 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், பேலன்ஸ் பயிற்சி ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் முடிகிற விஷயம் இல்லை. நிறுத்தினால் பலனும் போய்விடும். பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தரலாம். வாரம் மூன்று நாள், பத்து நிமிடம் பக்கத்தில் நிற்க வீட்டில் ஆள் வேண்டும். அடுத்த முறை முட்டி வலிக்காக டாக்டரிடம் போகும்போது, "பேலன்ஸ் எப்படி இருக்குன்னு செக் பண்ணுங்க" என்று நீங்களே கேளுங்கள்.