வந்தவர் கணக்கா, விட்டவர் கணக்கா?



கடைக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணிவிட்டு, அதையே லாபமென்று பேரேட்டில் எழுதும் வியாபாரி உண்டா? ஆனால் குடிநோய் சிகிச்சை நிலையங்கள் பல அப்படித்தான் கணக்கு எழுதுகின்றன. "இத்தனை பேரைச் சேர்த்தோம், இத்தனை பேர் முடித்துச் சென்றனர்" என்பதோடு ஏடு மூடப்படுகிறது. ஓராண்டு கழித்தும் குடிக்காமலிருப்பவர் எத்தனை பேர்? அதுவல்லவா கணக்கு!

அமெரிக்க ராணுவத்தைப் பாருங்கள். போதைக்கு அடிமையான வீரர்களைக் கண்டறிந்து சிகிச்சை தரவேண்டும் என்று 1971-லேயே அங்கு சட்டம் வந்தது. லாங் பீச் கடற்படை மருத்துவமனையின் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு 1978-ல் அங்கேதான் சேர்ந்தார்.

புகழ் இருக்கட்டும். பலன் என்ன? கடற்படை அதைச் சோதித்தது. ஆறு வாரம் தங்கியவர்களையும் நான்கு வாரம் தங்கியவர்களையும் ஓராண்டு கழித்து ஒப்பிட்டது. முடிவு 1998-ல் வெளியானது. நான்கு வாரம் தங்கியவர்கள் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை! பணிக்குத் திரும்பிய பின்னும் தொடர்கவனிப்பை விடாதவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். மன உறுதி உள்ளவர்தானே தொடர்ந்து போவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமே. ஆனால் போக விரும்புகிறவனுக்கு வழி திறந்திருக்க வேண்டாமா?

அந்த வழிதான் அடைபட்டிருந்தது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2012-ல் தந்த அறிக்கை என்ன சொன்னது? ஒரே அமர்வில் அளவுமீறிக் குடிக்கும் வீரர்கள் 1998-ல் 35 சதவீதம். 2008-ல் 47 சதவீதம்! சிகிச்சைக்குப் போனால் மேலதிகாரிக்குத் தெரியும், பதவிக்கு ஆபத்து வரும் என்று அஞ்சிப் பலர் மறைத்தார்கள். முகாம்களில் மது விற்கும் கடைகளையும், விற்கும் நேரத்தையும் குறையுங்கள் என்றும் அறிக்கை கூறியது. ஒரு கையால் விற்று, மறு கையால் வைத்தியமா? மேலதிகாரிக்குத் தெரிவிக்காமலேயே, தானாக முன்வருபவர் சிகிச்சை பெறத் தரைப்படை பொதுவாக வழிவிட்டது 2019-ல்தான்.

துப்பாக்கிக்கு அஞ்சாதவனே அவமானத்துக்கு அஞ்சி நோயை மறைக்கிறான் என்றால், நம் தெருவில் உள்ள இளைஞன் எம்மாத்திரம்?

எனவே, மறுவாழ்வு இல்லங்களுக்கு நன்கொடை தரும் வணிகர்களே, ரசீது வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓராண்டு கழித்து விசாரிக்கிறீர்களா? வீடு திரும்பியவரைத் தொடர்ந்து கவனிக்கிறீர்களா? வந்தவரின் மானத்தைக் காக்கிறீர்களா? இளைஞர்களே, திருந்தி வந்தவனைக் "குடிகாரன்" என்று பழைய பெயரில் அழைக்காதீர்கள். மருத்துவமனை நான்கு வாரம்தான். மிச்ச நாளெல்லாம் அவன் வாழப்போவது உங்கள் நடுவில்!