கைப்பிடி வெல்லமும் பழம் புடவையும்

கொள்ளை நோய் வந்தால் ஏழை நாடு என்ன செய்ய முடியும்? ஆஸ்பத்திரி போதாது, டாக்டர் போதாது, பணமோ இல்லவே இல்லை. பணக்கார நாடுகள் மருந்து அனுப்பும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான் என்பது சிலர் கட்சி. இது சரியன்று என்பதற்கு வங்காள தேசமே சாட்சி.

1961-ல் இந்தோனேஷியாவில் கிளம்பி உலகைச் சுற்றத் தொடங்கிய காலரா இன்னும் ஓய்ந்தபாடில்லை. இந்நோய் கண்டவரின் உடலிலுள்ள நீரும் உப்பும் வாந்தியாகவும் பேதியாகவும் வெளியேறிவிடுகின்றன. அதை உடனே ஈடு செய்யாவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும். இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் உயிரைக் காக்கும். ஆனால், மழைக் காலத்தில் படகு இல்லாமல் போக முடியாத குக்கிராமத்துக்குச் சலைன் புட்டி எப்படிப் போய்ச் சேரும்?

இதற்கு விடை 1971-ல் ஓர் அகதி முகாமில் கிடைத்தது. வங்காளப் போருக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த பங்கான் முகாமில் காலரா பரவிற்று. சலைன் கையிருப்பு தீர்ந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பையும் குளுகோஸையும் சமையல் சோடாவையும் நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, 4 பேருக்கும் குறைவாயிற்று.

ஆனால், கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? வீடு தோறும் போய்ச் சேர வேண்டாமா? அந்தப் பணியைப் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-ல் ஏற்றது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதைத் தாய்மாருக்குக் கற்பிக்கப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளை எட்டினர்.

தொடக்கத்தில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. தாய்மார் பாடத்தைக் கற்றார்கள். ஆனால் பலர் கையாளவில்லை. விசாரித்தபோது, கற்பித்த ஊழியர்களுக்கே அந்த நீரில் நம்பிக்கை இல்லை என்றும், வீட்டு ஆண்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றும் தெரிந்தது. இரண்டு குறையையும் திருத்தினார்கள். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதற்கேற்ப ஊழியருக்குச் சம்பளம் என்றும் வைத்தார்கள். பிரசங்கம் செய்தவருக்குக் கூலி இல்லை. புரிய வைத்தவருக்கே கூலி!

புடவையின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. காலராக் கிருமி, குளத்து நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழம் புடவையை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டினால் அப்பூச்சிகள் துணியில் தங்கிவிடும். மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் நடந்த பரிசோதனையில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என 2003-ல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். ஐந்தாண்டு கழித்துச் சென்று பார்த்தபோது, சுமார் 30 சதவிகிதப் பெண்கள் நீரை வடிகட்டிக் கொண்டிருந்தனர். யாரும் தூண்டாமலே இத்தனை பேர் தொடர்ந்தது பெரிது. மற்றவர் விட்டுவிட்டார்களே என்றால், நல்ல பழக்கத்தையும் அவ்வப்போது நினைவூட்ட வேண்டும் என்பதே பொருள்.

'ஏழைக்குப் புடவையும் வெல்லமும் போதும் என்கிறீரா?' என்று கேட்கலாம். இல்லை. சுத்தமான குடிநீரும், கழிவு நீர் வசதியும், தடுப்பு மருந்தும் தருவது அரசாங்கத்தின் கடமை. புடவையைக் காட்டி அதைத் தட்டிக் கழிக்க விடக்கூடாது. ஆனால், குழாய் வரும்வரை குழந்தை காத்திருக்குமா?

அடுத்த கொள்ளை நோய் எந்த வடிவில் வருமோ! கட்டளைகளும் தடியடியும் நெடுநாள் நிற்கா. வீட்டில் கிடைக்கும் பொருள், அண்டை வீட்டுப் பெண்ணின் வாய்ச்சொல், அவள் உழைப்புக்கு ஒழுங்கான கூலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் நிற்கும். நோய் வருமுன்பே அவளைத் தயார் செய்து வைக்கும் நாடே பிழைக்கும் நாடு.