கொதித்தாலும் போகாதது

"தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன், இனி என்ன பயம்?" என்று சொல்லாத வீடு உண்டா? காலராக் கிருமிக்கும் டைபாய்டுக் கிருமிக்கும் அது சரியான வைத்தியந்தான். ஆனால் களைக்கொல்லி மருந்து கிருமியல்ல. கொதிக்கிற நீரில் செத்துப்போக அதற்கு உயிர் ஏது? தண்ணீர்தான் சுண்டும், மருந்து பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். ஓர் ஏரி நிரம்பினால், கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். கடைசியில் பாலாற்றிலோ, மாமல்லபுரத்துக் கரையை ஒட்டிய உப்பங்கழியிலோ போய்ச் சேரும். மேல் வயலில் தெளித்த மருந்து, மறுநாள் மழை கொட்டினால் கீழ் ஏரிக்குப் புறப்பட்டுவிடக் கூடும். இந்தப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்தும் சென்னைப் புறநகர்களுக்கு லாரித் தண்ணீர் வருகிறது. ஆகவே, 'இது கிராமத்து விஷயம்' என்று நாம் சும்மா இருக்க முடியாது.

2,4-டி என்று ஒரு களைக்கொல்லி. குடிநீரில் அது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. ஒரே ஒரு கிராம் மருந்து, சுமார் 33,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்!

வடிகட்டினால்? கரியும் ஆர்.ஓ. சவ்வும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்தது அழிவதில்லை. கரியில் தங்குகிறது, அல்லது கழிவுநீரோடு சாக்கடைக்குப் போகிறது. வீட்டைப் பெருக்கி, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிற கதைதான்.

குப்பையைத் தண்ணீருக்குள்ளேயே எரித்துவிட முடியுமா? முடியும். 1894-ல் இங்கிலாந்தில் ஹென்றி பென்டன் என்ற விஞ்ஞானி, நம் புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்தார். துளி இரும்பு உப்பும் சேர்ந்ததும் அமிலம் வெகு வேகமாகச் சிதைந்தது. இதன் சூட்சுமத்தை 1934-ல் ஹேபர், வைஸ் என்ற இருவர் சொன்னார்கள். பெராக்சைடு உடைந்து 'ஹைட்ராக்சில்' என்ற துண்டு பிறக்கிறதாம். கண்மூடித் திறப்பதற்குள் கோடி தடவை பிறந்து மடியக்கூடிய அற்பாயுசு அதற்கு. ஆனால் எதிர்ப்பட்ட ரசாயனங்களில் பெரும்பாலானவற்றைக் கடித்துத் துண்டாக்கிவிடும். ஓசோனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்தும் இதை உண்டாக்கலாம்.

வேலை முழுவதும் நடந்தால் 2,4-டி கரியமில வாயுவாகவும் நீராகவும் குளோரைடாகவும் மாறிவிடும். பாதியில் நின்றால் மருந்து வாடை வீசும் டைகுளோரோபீனால் மிஞ்சலாம், அதுவும் நல்லதல்ல. ஆகையால், இது அளந்து பார்த்துச் செய்யும் ஆலைகளின் காரியம். காதுக்கு விடும் பெராக்சைடைக் குடத்தில் ஊற்றிப் பரீட்சை பார்த்துவிடாதீர்கள்!

இன்னொரு சங்கடம்: ஏரி நீரில் ஊறிய இலை தழைச் சத்தும் ஹைட்ராக்சிலைத் தின்றுவிடும். செலவு ஏறிவிடும். ஆகவே, மருந்தை ஏரிக்குள் விடாமல் இருப்பதே மலிவான வைத்தியம். தெளித்த சில நாட்களுக்கு வயல் நீரை மடை திறந்து விடாமல் வைத்திருந்தாலே பாதிக் கவலை தீரும்.

நாம் செய்யக்கூடியது? எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று லாரிக்காரரைக் கேளுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்தால், உப்பும் கிருமியும் மட்டுமல்ல, 'பூச்சிமருந்து, களைக்கொல்லி எச்சமும் பாருங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். கேட்காததைப் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். காய்கறிக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்கிற நமக்கு, தண்ணீர்க்காரரிடம் ஒன்று கேட்பதா கஷ்டம்?