புகையும் கைக்குட்டையும்

2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கனடா தேசத்துக் காடுகளில் மூண்ட தீயின் புகை பல நூறு மைல் கடந்து நியூயார்க் நகரத்து ஆகாயத்தைச் செம்மஞ்சளாக்கிற்று. போகியன்று விடியற்காலையில் சென்னைவாசிகள் காணும் புகைமூட்டமும் அதற்கு இளைய சகோதரனே.

இத்தகைய தினங்களில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தைரியமாக வெளியே கிளம்புவோர் பலர். வீண் தைரியம்! புகையின் நுண்துகள் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்குதான். துணியிழைகளினூடே தாராளமாய் நுழைந்து சுவாசப்பையின் அடிவரை சென்றுவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசமே அதைத் தடுக்க வல்லது. அதனினும் உத்தமம், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பது. ஆனால் சாத்திய வீட்டுக்குள் சாம்பிராணி போடலாகாது. குழந்தைகளை ஓடி விளையாட அனுப்பவும் வேண்டாம். ஓடுகிற குழந்தை நம்மைவிட வேகமாய் மூச்சு வாங்குகிறது.