தாங்கும் என்று சொன்னது நான்தான்!

ஆண்டு மலருக்கு மேட்டர் கேட்டு பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "கவிதை போதும்டா சாமி, மெக்கானிக்கல்காரன் எவனாவது டெக்னிக்கலா ஒண்ணு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் நண்பர்களே, காரின் பின்னால் சைக்கிள் மாட்டிக்கொண்டு போகும் ஒரு கம்பியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இந்தக் கம்பி விஷயத்தில் எங்கள் அண்ணனிடம் தப்பான யோசனை சொல்லி, ஒரு ராத்திரி தூக்கம் கெட்டவன் நான்.

பெரியப்பா மகன் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் இருக்கிறார். அவரும் அண்ணியும் ஆளுக்கொரு பேட்டரி சைக்கிள் வாங்கியிருந்தார்கள். இரண்டையும் காரில் மாட்டிக்கொண்டு சனிக்கிழமை ஆஸ்டின் போவதாகத் திட்டம். ஐ-35 நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். போனில் கேட்டார்: "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? ரேக் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நம்ம வண்டி ஹிட்ச்ல 2,000 பவுண்டுன்னு ஸ்டிக்கர் இருக்கு. போதுமா?"

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 2,000 பவுண்டு என்றால் 907 கிலோ. இரண்டு சைக்கிள் என்ன பெரிய எடை? "தாராளமா போதும்ண்ணே!" என்றேன். பெருமை வேறு.

ஹிட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் படகு, சின்ன டிரெய்லர் எல்லாம் இழுக்க, பின் பம்பருக்குக் கீழே வண்டிச் சட்டத்தோடு சேர்த்து ஒரு குறுக்குக் குழாயை போல்ட் போட்டு வைக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு சதுர வாய். சின்ன வண்டியில் வாய் 1¼ அங்குலம், பெரிய வண்டியில் 2 அங்குலம். டிரெய்லர் இழுக்கும் பந்து எந்த வாயில் செருகுமோ, அதே வாயில் சைக்கிள் ரேக்கின் தண்டையும் செருகி, குறுக்கே பின் போட்டு கிளிப் மாட்டினால் முடிந்தது வேலை. நம்ம ஊர் கார்களில் கம்பெனியிலிருந்தே இந்த வாய் வருவது அபூர்வம். இங்கே சைக்கிள் பைத்தியங்கள் டிக்கியில் பெல்ட் போட்டுக் கட்டுகிற ரேக்கோடு சமாளிக்கிறார்கள்.

அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. 2,000 பவுண்டு என்பது இழுக்கிற எடை. டிரெய்லருக்கு அதன் சொந்தச் சக்கரம் இருக்கிறது. பாரத்தில் பெரும்பங்கை அந்தச் சக்கரங்கள்தான் தரையில் இறக்குகின்றன. ஹிட்சின் மேல் செங்குத்தாக அழுத்துவது பத்தில் ஒரு பங்குதான். அந்த ஸ்டிக்கரிலேயே பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: 200 பவுண்டு. அதாவது 91 கிலோ. சைக்கிள் ரேக்குக்குச் சக்கரம் ஏது? முழுப் பாரமும் அந்தச் சின்ன எண்ணின் தலையில்!

எழுந்து விளக்கைப் போட்டேன். பேட்டரியோடு ஒரு சைக்கிள் 28 கிலோ, இரண்டும் சேர்ந்து 56. அவர் பார்த்து வைத்த ரேக், டயரைத் தட்டில் நிறுத்துகிற மேடை மாதிரி. அதுவே 24 கிலோ. ஆக மொத்தம் 80. அப்பாடா, 91க்குள் அடங்கிவிட்டதே என்று விளக்கை அணைக்கப் போனவன், அணைக்கவில்லை. எஸ்.ஓ.எம். பேப்பரில் கேன்டிலீவர் பீம் கணக்குக்கு முழு மார்க் வாங்கியவன் நான். பாரம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதுமா, அது எங்கே தொங்குகிறது என்று பார்க்க வேண்டாமா?

டிரெய்லர் பந்து, பின் துளையிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 91 கிலோ அங்கே அழுத்தினால் மொமென்ட் 18 கிலோ-மீட்டர் சொச்சம். இப்போது ரேக்கைப் பாருங்கள். முதல் சைக்கிள் 40 செ.மீ. தூரத்தில், இரண்டாவது 65 செ.மீ. தூரத்தில், ரேக்கின் சொந்த எடை 45 செ.மீ. தூரத்தில். கூட்டினால் 40 கிலோ-மீட்டர் வருகிறது. எடை குறைவு, ஆனால் மொமென்ட் இரண்டு மடங்குக்கு மேல்! வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே இந்தக் கதை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். டிரெய்லருக்குப் பின்னால் இதை மாட்டாதே என்று பல ரேக் கம்பெனிகள் தடை போட்டிருப்பதும் இந்தக் குலுக்கலுக்குப் பயந்துதான்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று பாக்கி இருந்தது. அவர் ரேக்கின் தண்டு 2 அங்குலம், வண்டியின் வாய் 1¼. "அதுக்கு அடாப்டர் இருக்குடா, சும்மா சொருகுறதுதான்" என்று சொல்லியிருந்தார். அந்த அடாப்டர் 25 செ.மீ. நீளம் என்று வைத்தால், மொத்தப் பாரமும் அவ்வளவு தூரம் வெளியே தள்ளிப் போகும். 80 கிலோவை 0.25ஆல் பெருக்கினால் இன்னும் 20. ஆக 60 கிலோ-மீட்டர், மூன்று மடங்குக்கும் மேல். நீட்டிப்புக் குழாய் போட்டால் தாங்கும் எடையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஹிட்ச் செய்கிறவர்களே பொதுவாகச் சொல்கிறார்கள். பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும், யார் படிக்கிறார்கள்?

தண்டின் பலத்தையும் போட்டுப் பார்த்தேன். 1¼ அங்குலத் தண்டை உள்ளே ஓட்டையே இல்லாத கெட்டி இரும்பாகச் செய்தாலும் செக்‌ஷன் மாடுலஸ் சுமார் 5,300 கன மி.மீ.தான். 2 அங்குலக் குழாய், 6 மி.மீ. சுவர், உள்ளே வெறும் காற்று; அதற்கு 14,400 வருகிறது. கெட்டியாக இருப்பதைவிட அகலமாக இருப்பது எவ்வளவு பெரிய சங்கதி பார்த்தீர்களா! பேட்டரி சைக்கிளுக்கான ரேக்குகள் பலவற்றில் "2 அங்குல வாய்க்கு மட்டும்" என்று போட்டிருப்பது வியாபாரத் தந்திரம் இல்லை, இந்தக் கணக்குதான்.

ஆகவே என் கட்சி இது: ரேக் வாங்குகிறவர் கடைக்குள் போகுமுன் வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். வண்டி தாங்குவது, ஹிட்ச் தாங்குவது, ரேக் தாங்குவது என்று மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றில் எது சின்னதோ அதுதான் சட்டம். அண்ணன் ரேக்கில் ஒரு சைக்கிளுக்கு 60 பவுண்டுதான், அதாவது 27 கிலோ. பேட்டரியைக் கழற்றினால்தான் அவர் சைக்கிள் அதற்குள்ளேயே அடங்கும்! எத்தனை சைக்கிள் ஏற்றலாம், எவ்வளவு அழகாக மடங்கும் என்பதெல்லாம் அதற்கப்புறம் பேச வேண்டியவை. விளம்பரத்தில் தலைகீழாகத்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடை ரேக்தான் உசத்தி, சைக்கிளை பாரில் தொங்கவிடுகிற ரேக் பழைய பஞ்சாங்கம் என்று ஒரு பேச்சு உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொங்குகிற ரேக் 13 கிலோதான். சாதாரண சைக்கிள் ஒன்றும் 13. இரண்டு சைக்கிள் வண்டியை ஒட்டியே, 35, 50 செ.மீ. தூரங்களில் தொங்கினால் மொமென்ட் 16 கிலோ-மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. சின்ன ஹிட்சுக்கு இதுதான் மாப்பிள்ளை! குறை இல்லாமல் இல்லை. சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசும். பெண்கள் சைக்கிளுக்கு மேல் பார் இல்லாததால் தனியாக ஒரு கம்பி மாட்ட வேண்டும். கார்பன் ஃபிரேமை பாரில் நெருக்கிக் கட்டக்கூடாது. கனமான பேட்டரி சைக்கிளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மாட்டுவதற்கு ஜிம்முக்குப் போனவன் வேண்டும். ஆகவே பேட்டரி சைக்கிள் என்றால் மேடை ரேக், கூடவே 2 அங்குல வாயுள்ள பலமான ஹிட்ச். இதில் பேரம் பேச முடியாது.

எந்த ரேக் ஆனாலும் சைலன்ஸர் வாய்க்கு நேரே டயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். புகைச் சூட்டில் டயர் வீணாகும். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையக்கூடாது. ஜெர்மனியில் நம்பர் பிளேட் மறைந்தால் ரேக்கிலேயே இன்னொன்று மாட்டியாக வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலும் சதுர வாய் கிடையாது, 50 மி.மீ. பந்தையே ரேக் கவ்விப் பிடிக்கும். பந்து எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது அங்கேயும் எழுதியிருக்கும், சின்ன எண்ணாகத்தான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி. ரேக்கை மாட்டி, அடாப்டரைச் செருகி, சைக்கிளை ஏற்றப் போகிற நேரம். "நேத்து தாராளமா போதும்னு சொன்னது நீதானேடா?" என்றார். ஆமாண்ணே, நான்தான் சொன்னேன், தப்பு என்றேன். நோட்டில் போட்ட படத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அண்ணிதான் பேசினார்கள். "தம்பி, பின்னாடி வர்ற காரு மேல விழுந்தா என்னாகும்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த ரோட்டில் வண்டிகள் 110க்கு மேல் வரும். நான் பதில் சொல்லவில்லை.

மேடை ரேக் கடைக்கே திரும்பிப் போனது. தொங்குகிற ரேக் ஒன்று வாங்கி, வீட்டில் கிடந்த இரண்டு சாதா சைக்கிளை மாட்டிக்கொண்டு அடுத்த வாரம் ஆஸ்டின் போய் வந்தார்கள். அண்ணிக்கு மேட்டில் மிதித்து முட்டி வலியாம். பேட்டரி சைக்கிள்கள் கராஜில் நிற்கின்றன. அண்ணன் இப்போது 2 அங்குல ஹிட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டிக் கையேட்டில் அந்தச் சின்ன எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று போன வாரம் போனில் கேட்டார்.